ஒரே புதர், நாலு பெயர்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால் இடப்பக்கம் அங்கங்கே ஒரு மேடு வரும். மேட்டில் சுற்றுச்சுவர் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. களாவும் காரையும் சூரையும் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு இடுப்பளவுக்கு நிற்கும். நடுவில் ஓர் உசிலை, இரண்டு வேம்பு, பிரண்டை ஏறிய நுணா ஒன்று. தாழ்ந்த இடத்தில் ஈச்சை. ஓரத்தில், யாரும் அழைக்காமல் வந்து உட்கார்ந்த சீமைக்கருவேலம். வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மனை விலை விசாரிக்க வந்தவர்கள்.

நான் நிறுத்தியபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். இது காடா என்று கேட்டேன்.

"காடா? காடு வண்டலூர்ல கீது சார். இது பொதரு."

அந்தாண்டை இருக்கும் வெட்டவெளி?

"அது கரம்பு. அஞ்சாறு வருசமா ஏர் பூட்டலையே. அதுக்கும் அந்தாண்ட மேய்க்கால்."

அரை நிமிடத்தில் காடு, புதர், கரம்பு, மேய்க்கால் என்று நாலு வகை. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஓர் அளவுகோல் உண்டு. ஆடு உள்ளே நுழைய முடியுமா, கடைசியாக எப்போது உழுதார்கள், யார் வந்து விரட்டுவார்கள். தாவர வகைப்பாடு என்ற துறையில் நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் சண்டையும் இதுவேதான்: எந்த அளவுகோலை முன்னே வைப்பது? இத்தனைக்கும் 'படப்பை' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் தோட்டம், கொல்லை என்று பொருள். ஊர்ப்பெயர் அதிலிருந்துதான் வந்ததா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிலவகை ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் ஊரில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

இப்படிப்பட்ட மேட்டின் பெயரைத் தாள்களில் தேடிப் பார்ப்போம்.

முதல் தாள், கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேடு. அதில் இத்தகைய நிலம் மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்திருக்கும். வரி வாங்கப் பிறந்த வகைப்பாடு இது. 'தரிசு' என்றால் செடி இல்லை என்று பொருளல்ல. வரி இல்லை, அல்லது வரி வரவேண்டிய பயிர் இல்லை என்றே பொருள். இந்த வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் இரண்டாயிரம் ஊர்களை அளந்தபோதே மலை, காடு, நீர்நிலை, தோப்பு, நஞ்சை, புஞ்சை என்று நிலம் பிரித்து எழுதப்பட்டுவிட்டது. ஊர் ஊராகக் கணக்கு இருந்தது. காட்டுக்குள் என்ன மரம் என்ற கணக்கு மட்டும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாம் தாள், இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு. ஐதராபாத்தின் தேசிய தொலையுணர்வு மையமும் மத்திய நிலவளத் துறையும் சேர்ந்து 2000 முதல் சில பதிப்புகள் கொண்டுவந்தன. அதில் புதர்நிலம் ஒரு தனி வகை. அடர்ந்த புதர், திறந்த புதர் என்று உட்பிரிவும் உண்டு. ஆனால் புத்தகத்தின் பெயரே தரிசுநிலம். எவ்வளவு அடர்ந்திருந்தாலும் வீண்நிலம்தான்.

மூன்றாம் தாள், டேராடூனிலிருந்து வரும் இந்திய வன நிலை அறிக்கை. இந்திய வன அளவீட்டு நிறுவனம் 1981-ல் தொடங்கியது. 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தருகிறது. அதன் கணக்கு மரக்கிளைகள் தரையை எவ்வளவு மூடுகின்றன என்பதை வைத்து. 70 விழுக்காடும் அதற்கு மேலும் மூடினால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, 10 முதல் 40 வரை திறந்த காடு. பத்துக்குக் கீழே போனால் அது 'புதர்'. வனப்பரப்புக் கூட்டுத்தொகையில் சேராது. நம் மேடு இதிலும் வெளியே நிற்கிறது.

நான்காம் தாளில்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி ஜார்ஜ் சாம்பியன் 1936-ல் இந்தியா, பர்மாக் காடுகளின் வகைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். எஸ்.கே. சேத் அவரோடு சேர்ந்து அதைத் திருத்தி விரிவாக்கிய பதிப்பு 1968-ல் வந்தது. 16 வகைக் குழுக்கள், அவற்றுக்குள் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள். வனத்துறையின் செயல்திட்டங்கள் எல்லாம் இன்றும் இந்த எண்களில்தான் பேசுகின்றன. ரேஞ்சர் ஒருவர் "அது சிக்ஸ்-ஏ" என்று சொன்னால் அவர் பேருந்து எண்ணைச் சொல்லவில்லை.

குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எண், குழு: 5 வெப்பமண்டல உலர் இலையுதிர்க் காடு, 6 முட்காடு, 7 உலர் பசுமைமாறாக் காடு. அடுத்த 'ஏ' தெற்கு, 'பி' வடக்கு. கோட்டுக்குப் பின் வரும் எழுத்துதான் சூட்சுமம். 'சி' என்றால் இந்தத் தட்பவெப்பத்தில் காடு எட்டக்கூடிய முழு வளர்ச்சி நிலை. 'இ' என்றால் மண்ணின் காரணமாக அமைந்தது. 'எஸ்' என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் இடைநிலை. 'டி.எஸ்.' என்றால் சீரழிந்த நிலை.

இப்போது நம் மேட்டுக்கு எண் போட முயலுங்கள். 6ஏ/டி.எஸ்.1, தெற்கத்திய முட்புதர். பொருந்துகிறது, முள்ளுக்குப் பஞ்சமில்லை. 5/டி.எஸ்.1, உலர் இலையுதிர்ப் புதர். அதுவும் பொருந்தும், உசிலை கோடையில் இலை கொட்டுகிறது. 7/டி.எஸ்.1, உலர் பசுமைமாறாப் புதர். களா கொட்டுவதில்லையே, அதுவும் பொருந்தும். செடிகள் அதேதான், ஆடுகளும் அதேதான். மூன்று பெயரும் சொல்வது இன்று இங்கே என்ன நிற்கிறது என்பதை அல்ல. முன்பு என்ன நின்றது, விட்டுவிட்டால் இனி என்ன வரும் என்பதை. வகைப்பாடு என்பது புகைப்படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி வரலாறு, பாதி ஜோசியம்.

தமிழ் வாசகருக்கு இந்த யோசனை அந்நியமானதல்ல. திணை என்றால் ஐந்து என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இளங்கோ வேறொன்று சொல்கிறார்: பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு அடையும் வடிவம்தான் பாலை. சாம்பியனின் மொழியில் சொன்னால் முல்லை/டி.எஸ்.1, குறிஞ்சி/டி.எஸ்.1. சங்ககாலத்திலேயே எல்லாம் இருந்தது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. நிலத்தை நிலையான பெட்டிகளாகப் பார்ப்பதற்கும், ஒன்று கெட்டு இன்னொன்றாவதாகப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

'சி' என்ற அந்த முழு வளர்ச்சி நிலைக்கு இங்கே ஒரு புதிர் உண்டு. குழு 7, உலர் பசுமைமாறாக் காடு, இந்தியாவில் ஏறக்குறைய சோழமண்டலக் கரைக்கே உரிய சொத்து. இராமநாதபுரத்திலிருந்து விசாகப்பட்டினம் பக்கம் வரை கடலை ஒட்டி ஒரு குறுகிய பட்டை. மரங்கள் உயரமில்லை, 9 முதல் 12 மீட்டர், அடிமரம் குட்டை, இலை தோல்போலத் தடித்து மினுமினுக்கும், கூரை நெருக்கமாக மூடியிருக்கும், மூங்கில் கிட்டத்தட்ட இராது. பாலை, வீரை, காசா, இரும்பிலி, நெக்கொட்டான், குருந்து இவையெல்லாம் அதன் குடிகள். ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் மழை இல்லாத ஊரில் இவை இலையை வைத்துக்கொண்டு நிற்கின்றன. இதே அளவு மழை பெய்யும் மற்ற இடங்களில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுப் பிழைக்கின்றன.

மழையின் அளவை விட்டு அது வரும் காலத்தைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். இங்கே மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பகல் குறுகிய, வெயில் தணிந்த மாதங்கள். வேர் நிறையக் குடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் கடற்காற்றின் ஈரமும் பனியும் தையும் மாசியும் தாங்க உதவும். புது இலை உண்டாக்குவதற்கு ஆகும் செலவைவிட, தடித்த பழைய இலையைப் பராமரிப்பதே மலிவு என்ற கணக்கு இந்த மரங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனாலும் எல்லாத் தாவரவியலாளரும் சம்மதித்துவிடவில்லை. காலங்காலமாக வெட்டியும் மேய்த்தும் வந்ததில் தாக்குப்பிடித்த இனங்கள் மட்டும் மிஞ்சி இப்படி ஒரு காடாகிவிட்டதா, அல்லது இதுவே இந்தத் தட்பவெப்பத்தின் இயல்பான காடா என்ற வாதம் ஓயவில்லை.

வாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாறுபவர்களை நான் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்க்கச் சொல்வேன். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வன்னிக் காடுகளிலும் வில்பத்துவிலும் இதே பாலை, இதே வீரை, பெயரும் இதேதான். அங்கே அவை நிமிர்ந்து நிற்கின்றன. பாலைப்பழக் காலத்தில் கரடிகள் மரமேறுவதைப் பார்க்க மக்கள் ஜீப்பில் போகிறார்கள். செங்கல்பட்டுப் புதரில் முழங்கால் உயரத்தில் ஆடு கடித்த பாலைக் கன்று, அங்கே கரடி ஏறும் மரம். அதே இனங்களுக்கு இடம் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

படப்பையின் சிக்கல் என்னவென்றால், அது கடலிலிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. பசுமைமாறாப் பட்டை மெலிந்து, முட்காடும் இலையுதிர்க் காடும் தொடங்கும் விளிம்பு. வரைபடத்தில் கோடு போடுகிறவர் கை நடுங்க வேண்டிய இடம்.

அந்த நடுக்கத்தை நேர்மையாகக் கையாண்டவர்கள் என்று புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சொல்லலாம். 1955-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் ஹென்றி கோசன், பியர் லெக்ரி, வியார் ஆகியோர் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் தாவர வரைபடங்கள் தயாரித்தார்கள். கன்னியாகுமரித் தாள் 1961-ல் வெளியானது. வி.எம். மேஹர்-ஹோம்ஜி போன்றவர்கள் பின்னர் அந்த மரபைப் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். கோசனின் வண்ண முறை அழகானது. ஈரத்துக்கு நீலம், வறட்சிக்கு ஆரஞ்சும் சிவப்பும்; இடத்தின் நிறமே அதன் தட்பவெப்பத்தைச் சொல்லிவிடும். இடத்துக்குப் பெயர் வைத்தது மரங்களைக் கொண்டு. நம் கரை 'பாலை–புரசு வரிசை'. உள்ளே தள்ளிப் போனால் 'உசிலை–வேல் வரிசை'. வரிசை என்ற சொல் வேண்டுமென்றே போடப்பட்டது. முழுக்காடு, குறுங்காடு, புதர், தனித்தனி முட்செடி என ஒரே குடும்பத்தின் எல்லா நிலைகளும் ஒரே வரிசைக்குள் வரும். அதாவது நம் மேட்டுப் புதரை அதன் தாத்தாவின் பெயரால் அழைத்தார்கள்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் கேட்டுவிட வேண்டும். தொந்தரவு இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்பவெப்பமும் ஒரே முடிவான காட்டுக்குப் போய்ச் சேரும் என்று 1916-ல் அமெரிக்கர் பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் எழுதினார். சாம்பியனின் 'சி' அந்தப் பள்ளியில் படித்தது. பத்தே ஆண்டில் ஹென்றி கிளீசன் மறுத்தார்: காடு என்று ஓர் உயிரி கிடையாது, ஒவ்வொரு இனமும் தன் தேவைப்படி வருகிறது, போகிறது, நாம்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைக்கிறோம். 1956-ல் ஜெர்மானியர் ரைன்ஹோல்ட் டூக்சன் நடுவழி ஒன்று கண்டார். இன்றைய மண்ணிலும் மழையிலும் மனிதக் கை எடுபட்டால் என்ன வரக்கூடும் என்பதை மட்டும் வரைவோம்; பழையது திரும்பும் என்று சத்தியம் செய்ய வேண்டாம் என்றார். சீமைக்கருவேலம் புகுந்துவிட்ட தமிழ்நாட்டுக்கு டூக்சனின் எச்சரிக்கைதான் பொருந்துகிறது என்பது என் எண்ணம். அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய வரிசையை வரைந்தால், வீட்டில் குடியேறிவிட்டவரை விட்டுவிட்டு ரேஷன் அட்டை போட்டதுபோல் ஆகும்.

இனி செயற்கைக்கோள். இந்திய வன அறிக்கைகளுக்கு நீண்ட காலம் பயன்பட்ட லிஸ்-3 உணர்வியின் ஒரு புள்ளி, தரையில் 23.5 மீட்டர் சதுரம். நம் ஊர்க் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. அந்த இரண்டரை கிரவுண்டில் வேம்பு, களா, பாறை, ஆட்டுப்பாதை எல்லாம் இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு அது ஒரே நிறம். வரைபடத்தில் இடம்பெறும் குறைந்தபட்ச அளவு ஒரு ஹெக்டேர், ஏறக்குறைய 45 கிரவுண்டு, பதினெட்டுப் புள்ளி. கோயிலை ஒட்டிய அரை ஏக்கர்க் காடு அதன் கண்ணில் படாது. சோழமண்டலக் கரையில் இந்தக் காடு மிஞ்சியிருக்கும் இடங்களில் பல அப்படிப்பட்ட கோயில்காடுகள்தான் என்பது வேடிக்கை.

நிறத்தைப் படிக்கும் விதம் எளிது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை எதிரொளிக்கிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு பசுமை எண் கிடைக்கும். ஆனால் எந்த மாதத்தில் எடுத்த படம்? வட இந்தியக் காடுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். மேகம் விலகியிருக்கும், மரத்தில் இலை இருக்கும். நமக்கு அது மழைக்காலம். மேகம் மறைக்கும், மறைக்காத நாளில் புல்லும் பூண்டும்கூடப் பச்சையாகிக் கணக்கைக் குழப்பும். தை, மாசியில் எடுத்தால் நன்று. சித்திரையில் எடுத்தால் இன்னும் தெளிவு: உதிர்ப்பவை உதிர்த்திருக்கும், உதிர்க்காதவை தனித்துத் தெரியும். அங்கேதான் சீமைக்கருவேலம் ஏமாற்றுகிறது. ஆழவேர் போட்டு அதுவும் கோடையில் பச்சையாகவே நிற்கும். மேலிருந்து பார்த்தால் வீரைக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம். ஏரி உள்வாயில் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட கருவேலந்தோப்பு, சவுக்குத் தோப்பு, மாந்தோப்பு என அடர்த்தி பத்து விழுக்காட்டைத் தாண்டி ஒரு ஹெக்டேர் இருந்தால் எல்லாம் வனப்பரப்புதான். யாருடையது, என்ன மரம் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. 2021 அறிக்கையில் தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர், மாநிலப் பரப்பில் 20.31 விழுக்காடு. அந்த எண்ணைப் படிக்கும்போது உள்ளே சவுக்கும் உண்டு, வெளியே களாப்புதர் உண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாறினால் நிலத்துக்கு நடப்பதும் மாறும். வீண்நிலம் என்றால் தொழிற்பேட்டைக்குக் கேட்கலாம், கேட்டுத்தான் வாங்கினார்கள். சீரழிந்த முட்காடு என்றால் குழி வெட்டி மரம் நடும் திட்டம் வரும். குழி வெட்டப் புதரை வழிக்க வேண்டும். வழித்த இடத்தில் நட்ட கன்று முதல் கோடையிலேயே காயும். உலர் பசுமைமாறாப் புதர் என்று எழுதினால் வேலி மட்டும் போட்டு, வெட்டாமல், காத்திருக்கச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். செலவு குறைவு, திறப்பு விழாவுக்குத்தான் வாய்ப்பில்லை. 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்சநீதிமன்றம், காடு என்றால் அகராதிப் பொருளில் காடு, உரிமை யாருடையதானாலும் சரி என்று சொன்னது. அகராதியைத் திறந்தால் புதர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதைத் தீர்மானிக்கும் வேலை மறுபடி வகைப்படுத்துபவர் தலையில் வந்து விழுந்தது.

விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தபோது அமைந்தது சேலையூர்ப் புதர்க்காட்டில். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் தாவரங்களில் பித்துப் பிடித்தவர். அவரும் அவர் மனைவியும் வளாகத்தில் மரம் வளர்த்தார்கள். இன்று மின்ரயிலிலிருந்து பார்த்தாலே அந்தப் பச்சை தெரியும். கிண்டியிலும் சுமார் 270 ஹெக்டேர் இருக்கிறது, 1978 முதல் தேசியப் பூங்காவாக.

ஆனால் எண் எதுவானாலும் தரையில் இறங்கித்தான் முடிவு செய்யவேண்டும். வன அளவீட்டுக்காரர்கள் 2016 முதல் நாட்டை ஐந்துக்கு ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு மாதிரித் திடல்களை அளக்கிறார்கள். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி எடுப்பார்கள். படிவத்தில் மரம், புதர், பூண்டு என்று கட்டங்கள். எல்லோரும் அவசரமாகக் கடக்கும் கட்டம் ஒன்று உண்டு: கன்றுகள். தானாக முளைத்தவை எத்தனை, எந்த இனம். 'டி.எஸ்.' என்ற இரண்டெழுத்து மேலே போகுமா கீழே போகுமா என்பதை அந்தக் கட்டம்தான் சொல்லும்.

அன்று நானும் பத்து மீட்டர் கயிறு ஒன்றை நாலு பக்கம் கட்டிவிட்டு மண்டியிட்டேன். வெட்டவெளியில் ஒன்றும் இல்லை. களாப் புதரை விலக்கிப் பார்க்கும்போது முள் கையைக் கிழித்தது. அதற்குள், ஆட்டு வாய் எட்டாத இடத்தில், சாண் உயரத்தில் மூன்று செடிகள். இலை தடிப்பாக, மேலே மினுக்கம். பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஓர் இலையை மடக்கிப் பார்த்தார்.

"காசான் சார் இது. இந்த மேட்ல காசான் மரமே கெடையாதே."

அப்போ எப்படி வந்தது?

"குருவி உக்காந்து போட்டிருக்கும். முள்ளுக்குள்ள உழுந்துச்சு, பொழச்சிக்கிச்சு." பிறகு ஆடுகள் பக்கம் திரும்பி, "கருப்பி, இந்தாண்ட வாடி," என்றார்.

கன்றுகள் என்ற கட்டத்தில் காசா, 3 என்று எழுதிக்கொண்டேன்.